“அடங்காத பிள்ளை” என்றொரு குற்றம்

களவெடுத்தால் மறியல், ஆளை வெட்டினால் மறியல் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அமெரிக்காவில் ஒரு பெண் பிள்ளையைப் பூட்டி வைப்பதற்கு நூறு வருடங்களுக்கு மேலாக இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. தாய் தகப்பன் சொல்லுக் கேளாதவள், வீட்டை விட்டு ஓடியவள், பள்ளிக்கூடத்துக்கு ஒளித்தவள், பொடியன்களோடு திரிந்தவள் என்று யாராவது நீதிமன்றத்தில் சொன்னால் போதுமாக இருந்தது. அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் பொலிசாரோ அயலவரோ அல்லர். பெற்ற தாய் தகப்பனும் அவர்களில் நிறையப் பேர்.

இந்தச் சரித்திரம் எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சென்ற தைப்பொங்கல் ஒன்றுகூடலில் ஒரு தகப்பன் என்னைக் கேட்டார்: “பிள்ளை, இங்கை பொலிசிலை சொன்னால் ஒரு ரண்டு கிழமை உள்ளுக்கை வைச்சுத் திருத்தித் தரமாட்டினமோ?” அவருடைய மகளுக்கு 15 வயது. எதிர்த்துக் கதைக்கிறாளாம். தொலைபேசியைக் கீழே வைக்கிறாள் இல்லையாம். ஒரு நாள் சொல்லாமல் சிநேகிதி வீட்டில் இரவு தங்கிவிட்டாளாம். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் வேலை செய்பவர், யுத்தத்தில் கூடப்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர், இந்தப் பிள்ளையாவது உருப்பட வேண்டும் என்று கிடந்து தவிப்பவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு ஒரு மகனும் இருக்கிறான். அவனும் இரவு பதினொரு மணிக்குத்தான் வீடு வருகிறான். அவனைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ஊரில் குழப்படி செய்யும் பொடியன்களை “அச்சுவேலிக்கு அனுப்பிப்போடுவன்” என்று வெருட்டுவார்கள். அங்கே நன்னடத்தைப் பாடசாலை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1939 இல் இலங்கையில் வந்த சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின்படி கட்டுக்கடங்காத பிள்ளையைப் பெற்றாரே நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆகவே “அரசாங்கம் திருத்தித் தரும்” என்ற நினைப்பு எங்களுக்குப் புதிதல்ல. இந்த நாட்டிலும் அப்படித் திருத்துகிற இடங்கள் இருந்தன, இருக்கின்றன. அவை எப்படித் திருத்தின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்ல. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. டலஸ் நகரத்துக்கு அருகே உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் பொது நூலகத்தில் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து விளங்கிக்கொண்டவை இவை.

பள்ளிக்கூடம் என்ற பெயரில்

பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு மாநில அரசு நடத்திய முதலாவது சீர்திருத்தப் பள்ளி 1856 இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லங்காஸ்ரர் என்ற ஊரில் திறக்கப்பட்டது. பெரிய சிறைக் கட்டடம் வேண்டாம், சிறு சிறு வீடுகளாக இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு மேற்பார்வைத் தாய் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். அங்கே போன பிள்ளைகள் சமையலும் தையலும் வீட்டு வேலையும் பழகினார்கள். பிறகு ஒப்பந்தம் எழுதி வேறு வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பப்பட்டார்கள்.

1899 இல் சிக்காகோவில் உலகின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் என்று சொல்லப்படுவது அமைந்தது. பிள்ளைகளை வளர்ந்த குற்றவாளிகளோடு சேர்த்து நிறுத்தாமல் பிரித்தது அதன் பெரிய நன்மை. ஆனால் அதற்குள் ஒரு வில்லங்கமும் இருந்தது. கெட்டுப்போகிற பிள்ளைக்கு அரசே தகப்பன் என்பது அந்த நீதிமன்றத்தின் அடிப்படை எண்ணம். தகப்பன் பிள்ளையைத் தண்டிக்கச் சாட்சி கேட்கிறானா, சட்டத்தரணி வைக்கிறானா? ஆகவே இங்கும் அவை வேண்டாம் என்று விட்டார்கள். எங்கள் வீடுகளில் நடப்பதைப் போன்ற நியாயம்தான். வித்தியாசம் என்னவென்றால், வீட்டுத் தகப்பனின் கோபம் இரவுச் சாப்பாட்டோடு தணிந்துவிடும். அரசுத் தகப்பன் பிள்ளையை 21 வயது வரை வைத்திருக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு இன்னும் கடுமையாக விழுந்தது. ஆண் பிள்ளை பெரும்பாலும் களவு, அடிதடி என்று வந்தான். பெண் பிள்ளை “ஒழுக்கக்கேடு”, “அடங்காமை” என்று வந்தாள். பல இடங்களில் அவள் கன்னிதானா என்று வைத்தியப் பரிசோதனை செய்தபின்புதான் வழக்கையே எடுத்தார்கள். பலாத்காரம் செய்யப்பட்டதால் கெட்டுப்போனவள் என்று உள்ளே போனவர்களும் உண்டு. செய்தவன் வெளியே, பட்டவள் உள்ளே!

நாங்கள் இருக்கும் ரெக்சாஸ் மாநிலத்துக்கு வருவோம். ஆண் பிள்ளைகளுக்குக் கேற்ஸ்வில் என்ற ஊரில் 1889 இலேயே ஒரு நிறுவனம் வந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு 1913 இல் சட்டம் இயற்றி, 1916 இல் கேய்ன்ஸ்வில் ஊரில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். டலசிலிருந்து 35 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஒக்லஹோமா எல்லைக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் அது. எங்களில் பலர் அந்த வழியால் போயிருப்போம்.

அதன் முதலாவது அதிபர் கரி வீவர் சிமித் என்ற பெண் வைத்தியர். இந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர், வளர்ந்தவர்களால் கெடுக்கப்பட்டவர்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. 1925 இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு 1936 இல் தலைநகர் வாஷிங்ரனில் இருந்த பெண் பிள்ளைகளின் நிறுவனத்துக்கு அவர் பொறுப்பானார். ஜனாதிபதியின் மனைவி எலினோர் றூஸ்வெல்ற் அந்த இடத்தைப் போய்ப் பார்த்து மனம் நொந்து, அங்கிருந்த பிள்ளைகளை அதே வருடம் வெள்ளை மாளிகைத் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தார். அவர்களில் பெரும்பான்மையானோர் கறுப்பினப் பிள்ளைகள் என்பதால் அதற்கும் எதிர்ப்பு வந்தது. அடுத்த வருடம், 1937 இல், சிமித் அம்மையாரை அங்கிருந்தும் நீக்கிவிட்டார்கள். பிள்ளைகள் பக்கம் நின்ற ஒரு பெண்ணுக்கு இரண்டு தடவை இதுதான் நடந்தது.

ரெக்சாஸின் கேய்ன்ஸ்வில் பள்ளி வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கறுப்பினப் பெண்கள் கழகங்கள் அரசை விடாமல் கேட்டன. 1927 இல் சட்டம் வந்தது. காசு வரவில்லை. கடைசியில் 1947 இல்தான் பிறேடி என்ற ஊரில் திறந்தார்கள். எங்கே தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தில் பிடிபட்ட போர்க் கைதிகளை வைத்திருந்த முகாமில். 1950 இல் அதைக் குறொக்கற் என்ற ஊருக்கு மாற்றினார்கள். 2009 இல் மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்த என் போன்றவர்களுக்கு, போர்க் கைதி முகாமில் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்பதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எல் பாசோவில் ஒரு மூத்த மகள்

முதல் அடி 1967 இல் விழுந்தது. அரிசோனா மாநிலத்தில் ஜெரால்ட் கோல்ற் என்ற 15 வயதுப் பொடியன், அயல்வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகக் கதைத்தான் என்று 1964 இல் பிடிக்கப்பட்டான். தாயும் தகப்பனும் அப்போது வேலையில். பிள்ளையைக் கொண்டுபோகிறோம் என்று வீட்டில் ஒரு துண்டுகூட எழுதி வைக்கவில்லை. முறைப்பாடு செய்த பெண் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. 21 வயது வரை, அதாவது ஆறு வருடங்கள், அவனை உள்ளே வைக்கத் தீர்ப்பு. இதையே வளர்ந்த ஒருவர் செய்திருந்தால் ஆகக் கூடியது 50 டொலர் தண்டம் அல்லது இரண்டு மாதம் சிறை! அமெரிக்க உயர் நீதிமன்றம் 1967 இல் இதைத் தள்ளுபடி செய்தது. பிள்ளை என்றாலும் குற்றச்சாட்டை முன்கூட்டி அறிவிக்க வேண்டும், சட்டத்தரணி வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் வேண்டும், தனக்கெதிராகத் தானே வாய் திறக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்னது.

உயர் நீதிமன்றம் சொன்னால் மறுநாள் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பது எங்களைப் போன்ற புதிதாக வந்தவர்களின் நம்பிக்கை. நான்கு வருடம் கழித்தும் ரெக்சாஸில் மாறவில்லை. அதை வெளியே கொண்டுவந்தவள் ஒரு பெண் பிள்ளை.

மெக்சிக்கோ எல்லையில் உள்ள எல் பாசோ நகரத்தில் அலீசியா மொராலெஸ் என்ற 15 வயதுப் பிள்ளை. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவள். தகப்பன் அவளை வேலைக்கு அனுப்பினார். சம்பளத்தை அப்படியே கையில் தர வேண்டும் என்றார். அவள் மறுக்கத் தொடங்கினாள். தகப்பன் அவளைச் “சொல்லுக் கேளாதவள்” என்று அரசிடம் ஒப்படைத்தார். குற்றப்பத்திரம் இல்லை, சட்டத்தரணி இல்லை, நீதிமன்ற விசாரணை இல்லை. எல் பாசோவிலிருந்து மாநிலத்தின் மறு மூலைக்கு, கேய்ன்ஸ்விலுக்கு, அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். மூத்த பெண் பிள்ளை, தம்பி தங்கைகள், வீட்டுக் கஷ்டம், சம்பளக் காசு. இது மெக்சிக்கோக் குடும்பத்தின் கதை மட்டும்தானா?

ஸ்ரீவன் பேர்க்கு என்ற இளம் சட்டத்தரணி எல் பாசோவில் ஏழைகளுக்கான இலவச சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்தவர். விசாரணை இல்லாமலே பிள்ளைகள் அனுப்பப்படுவதை அவர் கண்டுபிடித்தார். தன் கட்சிக்காரரான பிள்ளைகளோடு தனியாகக் கதைக்கக்கூட அந்த நிறுவனங்கள் அவரை விடவில்லை. 1971 இல் அவர் போட்ட வழக்கு முதலில் இந்தச் சிறு விடயத்தைப் பற்றியதுதான்: சட்டத்தரணியும் பிள்ளையும் ஒருவரும் கேளாமல் கதைக்கலாமா? கேய்ன்ஸ்வில் கிழக்கு ரெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்ததால் வழக்கு ரைலர் நகரத்தில் இருந்த நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்ரிஸ் முன் வந்தது. அவருடைய குடும்பப் பெயரே “நீதி”! பள்ளிக்கூடங்கள் வதிவிட அனுமதி இல்லாத பிள்ளைகளிடம் பணம் கேட்கக் கூடாது என்று பின்னாளில் தீர்ப்பளித்தவரும் இவர்தான். அதை 1982 இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

நூலைப் பிடித்து இழுக்க, சேலை முழுவதும் பிரிந்து வந்தது. மொராலெஸ் எதிர் ரேர்மன் என்ற இந்த வழக்கு (ரேர்மன் என்பவர் ரெக்சாஸ் இளைஞர் சபையின் தலைமை அதிகாரி) எல்லா நிறுவனங்களையும் பற்றியதாக விரிந்தது. பிள்ளைகளை அடித்தது, கண்ணீர்ப்புகை விட்டது, தனி அறையில் நாட்கணக்காகப் பூட்டி வைத்தது எல்லாம் சாட்சியாக வந்தன. மிக மோசமானது மவுண்டன் வியூ என்ற ஆண் பிள்ளைகளின் நிறுவனம். 1973 ஓகஸ்ட் 31 இல் நீதிபதி அவசரக் கட்டளை பிறப்பித்தார். அடிக்கக் கூடாது, கண்ணீர்ப்புகையைத் தண்டனையாகப் பாவிக்கக் கூடாது, வீட்டுக்குப் போகிற வருகிற கடிதங்களை உடைத்து வாசித்து வெட்டக் கூடாது. இன்னொன்றும் இருந்தது: ஆங்கிலம் அல்லாத மொழியில் பேசுவதைத் தடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய்மொழி ஸ்பானிய மொழி. வாய் திறந்து அம்மா என்று அழுவதற்கும் நீதிமன்றக் கட்டளை வேண்டியிருந்தது.

1974 இல் முழுத் தீர்ப்பு வந்தது. மவுண்டன் வியூவையும் கேற்ஸ்விலையும் மூடச் சொன்னார். அரசு மேன்முறையீடு செய்தது. வழக்கு மேலே போய்க் கீழே வந்து, 1984 இல்தான் இரு தரப்பும் இணங்கி முடிந்தது. பதின்மூன்று வருடம்! அதற்கிடையில் 1975 இல் மவுண்டன் வியூவும் 1979 இல் கேற்ஸ்விலும் மூடப்பட்டன. அந்தக் கட்டடங்கள் சும்மா கிடக்கவில்லை. இரண்டும் பெண்கள் சிறைகளாகின. ரெக்சாஸில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பெண்கள் வைக்கப்படுவது அந்த மவுண்டன் வியூவில்தான். கேய்ன்ஸ்வில் பின்னர் ஆண் பிள்ளைகளின் இடமானது. பெண் பிள்ளைகளைப் பிறவுண்வூட் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

சட்டம் மாறியது, சொல்லும் மாறியது

1973 இல் ரெக்சாஸ் புதிய குடும்பச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டை விட்டு ஓடியது போன்ற காரணங்களுக்காக ஒரு பிள்ளையை நேரே மாநில நிறுவனத்துக்கு அனுப்பும் வழி அடைபட்டது. 1974 இல் அமெரிக்க காங்கிரஸ் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் இயற்றியது: வளர்ந்தவர் செய்தால் குற்றமாகாத செயலுக்காகப் பிள்ளைகளைப் பூட்டி வைக்கும் வழக்கத்தை விடுகிற மாநிலங்களுக்கே உதவிப் பணம். கலிபோர்னியாவில் 1976 இல் சட்டம் வந்து, அடுத்த வருடம் முதல் இப்படியான பிள்ளைகளைப் பூட்டிய இடத்தில் வைப்பது தடைப்பட்டது. நியூ ஜேர்சி 1980களில், நீதிமன்றத்துக்குப் போக முன் குடும்பத்தோடு இருந்து கதைப்பதற்கு மாவட்டந்தோறும் குடும்ப நெருக்கடிப் பிரிவுகளை ஏற்படுத்தியது. இந்த மூன்று இடங்களிலும் இருக்கும் வாசகர்கள் தங்கள் மாநிலத்தை நினைத்து நிம்மதி அடையலாம் என்றால், அதுதான் இல்லை.

1980 இல் கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள். “வீட்டை விட்டு ஓடாதே” என்று நீதிபதி ஒரு கட்டளை இடலாம். பிறகும் அவள் ஓடினால், ஓடியதற்காக அல்ல, நீதிமன்றக் கட்டளையை மீறியதற்காகப் பூட்டலாம்! வேலியில் பொட்டு வைத்தவனுக்கு வாசல் எதற்கு? இந்தப் பொட்டால் நுழைக்கப்பட்டவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். ஏனென்றால் ஓடுகிறவர்களில் அவர்களே அதிகம். ஏன் ஓடுகிறார்கள்? வீட்டுக்குள்ளேயே யாரோ கை வைக்கிறதால் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். 2018 இல் வந்த திருத்தம் இந்த வழியிலும் ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று மட்டுப்படுத்தியது.

இரண்டாவது மாற்றம்தான் எங்கள் குடும்பங்களுக்கு மிக அண்மையானது. 1990களில் பல மாநிலங்கள் குடும்ப வன்முறைச் சட்டங்களைக் கடுமையாக்கின. பெண்களை அடிக்கும் கணவன்மாரைப் பிடிக்க வந்த நல்ல சட்டங்கள் அவை. ஆனால் தாயும் மகளும் கைத்தொலைபேசிக்காக இழுபறிப்பட்டு, மகள் தாயைத் தள்ளிவிட, யாராவது 911 ஐ அழைத்தால் என்ன நடக்கும்? முன்பு “அடங்காதவள்” என்று எழுதியதை இப்போது “தாக்குதல்” என்று எழுதுவார்கள். பிள்ளை அதே பிள்ளை. சண்டை அதே சண்டை. பெயர்தான் வேறு. இது உண்மையான குற்றம் ஆகையால் பூட்டி வைக்கத் தடையும் இல்லை. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனபின், “நான் கோபத்திலை சொல்லிப்போட்டன், விடுங்கோ” என்று தாய் அழுதாலும் வழக்கு தாயின் கையில் இல்லை. நடத்துவதா விடுவதா என்று அரச வழக்கறிஞர்தான் தீர்மானிப்பார்.

பள்ளிக்கூடம் போகாத குற்றத்தில் ரெக்சாஸ் ஒரு படி இறங்கி வந்தது. 2015 வரை அது குற்றவியல் வழக்கு. தண்டம் கட்டாமல் 17 வயதில் சிறைக்குப் போன பிள்ளைகளும் உண்டு. 2015 செப்ரெம்பரிலிருந்து பிள்ளைக்கு அது குடியியல் விவகாரம் மட்டும். கவனியுங்கள், பெற்றார் மேல் வழக்குப் போடும் பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

உள்ளே நிலைமை திருந்திவிட்டதா என்று கேட்டால், மேற்கு ரெக்சாஸில் ஆண் பிள்ளைகளின் நிறுவனம் ஒன்றில் அதிகாரிகளே பாலியல் கொடுமை செய்தது 2007 இல் வெளியே வந்தது. அதன் பின் சிறு குற்றங்களுக்காகப் பிள்ளைகளை மாநில நிறுவனத்துக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆனாலும் 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை, பெண் பிள்ளைகள் இருக்கும் பிறவுண்வூட் உட்பட ரெக்சாஸின் ஐந்து நிறுவனங்களிலும் அளவுக்கு மீறிய பலம், மிளகுப் புகை, நீண்ட தனிமைச் சிறை, பாலியல் கொடுமையிலிருந்து காப்பாற்றத் தவறியமை ஆகியவற்றைக் கண்டதாகச் சொல்கிறது. “உள்ளுக்கை வைச்சுத் திருத்தித் தருவினமோ” என்று கேட்ட தகப்பனுக்கு நான் எடுத்துச் சொன்னது இந்த அறிக்கையைத்தான்.

மறுபக்கமும் உண்டு. 2000 இல் இந்த நாட்டில் ஒரு நாளில் ஆணும் பெண்ணுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்படியான இடங்களில் இருந்தார்கள். 2020 இல் அது சுமார் 25,000. ஹவாய் மாநிலத்தின் சிறுவர் நிறுவனத்தில் 2022 ஜூனில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை என்ற நாள் வந்தது. அதன் பொறுப்பதிகாரி மார்க் பற்றர்சன் முன்பு பெண்கள் சிறை ஒன்றை நடத்தியவர். அங்கே இருந்த பெண்களின் சிறுவயதுக் கதைகளைக் கேட்டவருக்குச் சிறுமியரைப் பூட்டுவதில் நம்பிக்கை போய்விட்டது. கலிபோர்னியாவின் சான்ரா கிளாரா மாவட்டமும் பெண் பிள்ளைகளைப் பூட்டாமல் விடும் வழியைத் தேடி வேலை செய்து வருகிறது. வளைகுடாப் பகுதி வாசகர்களுக்கு இன்னொரு பெயர்: லற்றீபா சைமன். சிறுவயதில் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் இருந்த பிள்ளை. சன் பிரான்சிஸ்கோவில் 1993 இல் தொடங்கிய இளம் பெண்களுக்கான நிலையம் ஒன்றில் சேர்ந்து, 19 வயதில் அதன் தலைவியானார். 2024 தேர்தலில் அமெரிக்க காங்கிரசுக்குத் தெரிவானார். அவரை யாரும் பூட்டி வைத்துத் திருத்தவில்லை.

பிள்ளையைக் கொண்டுபோய்விட்டால்

ரெக்சாஸில் ஒரு பிள்ளையைத் தடுத்து வைத்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் நீதிபதி முன் கொண்டுவர வேண்டும். வெள்ளி, சனியில் பிடித்தால் அடுத்த முதல் வேலை நாளில். வேலைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் தாயோ தகப்பனோ அதற்குப் போகத்தான் வேண்டும். வீட்டில் தகுந்த மேற்பார்வை இல்லை என்பதே தொடர்ந்து வைத்திருக்கச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று. ஆகவே அங்கே போய் “எனக்கு இவளைக் கட்டுப்படுத்த ஏலாது, நீங்களே வைச்சிருங்கோ” என்று சொன்னால், நீதிபதிக்குக் காரணத்தை நாங்களே கையில் கொடுத்ததாகும். வைத்திருக்கும் செலவைப் பெற்றாரிடம் அறவிடவும் சட்டத்தில் இடம் உண்டு. இதை அறிந்தபோது எங்கள் தொழிற்சாலையில் பலர் வாயடைத்துப் போனார்கள்.

சட்டத்தரணி வைக்கப் பணம் இல்லாவிட்டால் நீதிமன்றம் நியமிக்கும். சட்டத்தரணி வரும்வரை பிள்ளை பொலிசுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. “உண்மையைச் சொல்லிப்போட்டு வா” என்று நாங்கள் ஊர்ப் பழக்கத்தில் பிள்ளையை முன்னுக்குத் தள்ளிவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். ஆங்கிலம் விளங்காத பெற்றாருக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமையும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இந்தியர் என்று ஹிந்தி மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து விட்ட கதைகளும் உண்டு. வழக்கில் நிற்கும் பிள்ளையே தாய் தகப்பனுக்கு மொழிபெயர்க்கிற நிலை வரக் கூடாது.

வயதையும் பாருங்கள். நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் 18 வயது வரை பிள்ளை. ரெக்சாஸில் 17 வந்துவிட்டால் குற்றவியல் வழக்கில் அவள் வளர்ந்தவள். எங்களைப் போல அகதியாக வந்து கிரீன் கார்ட்டுக்கோ குடியுரிமைக்கோ காத்திருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். சிறுவர் நீதிமன்றத் தீர்ப்பு குடிவரவுச் சட்டத்தில் குற்றத் தீர்ப்பாக எண்ணப்படுவதில்லை. வளர்ந்தவர் நீதிமன்றத் தீர்ப்பு எண்ணப்படும். எதிலும் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன் குடிவரவு தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

அந்தத் தகப்பனைப் போல என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கு பொலிசைத் தவிர வேறு கதவுகளும் உண்டு. ரெக்சாஸில் குடும்பமும் இளையோரும் என்ற பெயரில் அரசு பணம் கொடுத்து நடத்தும் ஆலோசனைத் திட்டம் 254 மாவட்டங்களிலும் இருக்கிறது. வீட்டில் சண்டை, பள்ளிக்கு ஒளித்தல், ஓடிப்போதல் எல்லாவற்றுக்கும் வருவார்கள். காசு இல்லை. பள்ளிக்கூட ஆலோசகரிடம் கேட்டால் தொடர்பு தருவார். பிள்ளை ஏற்கெனவே வீட்டை விட்டுப் போயிருந்தால் 1-800-786-2929 என்ற தேசிய தொலைபேசிச் சேவை இரவு பகலாக இயங்குகிறது. தேடுகிற தாய் தகப்பனும் அழைக்கலாம், ஓடிய பிள்ளையும் அழைக்கலாம். பிள்ளை திரும்பி வர விரும்பினால், கிரேஹவுண்ட் பஸ் கொம்பனியோடு சேர்ந்து 1995 முதல் அவர்கள் நடத்தும் திட்டத்தில் வீடு வரைக்கும் இலவச பஸ் ரிக்கற் கொடுப்பார்கள்.